கல்லறை மாடங்களை இடித்த வழக்கு: எது நின்றது, எது விழுந்தது

மரபுச் சின்னத்தைத் தகர்த்த வழக்கு என்றதும் அது எத்தனை நூற்றாண்டுப் பழமை, யுனெஸ்கோ பட்டியலில் உண்டா என்றுதான் பலர் கோப்பைத் தொடங்குகிறார்கள். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அல் மஹ்தி வழக்கில் தந்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். இவர் திம்புக்டுவைப் பிடித்த ஆயுதக் குழுவில் இருந்தவர். மாலி நாட்டின் திம்புக்டுவில் 2012 ஜூன் 30 வாக்கில் தொடங்கி ஜூலை 11 வரை பத்துக் கட்டடங்கள் தாக்கப்பட்டன: ஒன்பது கல்லறை மாடங்கள், சிதி யஹ்யா பள்ளிவாசலின் கதவு. இவற்றில் ஒரு மாடம் யுனெஸ்கோ பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் குற்றம் நின்றது. அந்த நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தின் 8ஆம் பிரிவு கேட்பது வேறு: வழிபாட்டுக்கோ வரலாற்றுக்கோ உரிய கட்டடம், ராணுவ இலக்கு அல்ல, தெரிந்தே செய்த தாக்குதல், ஆயுத மோதலோடு தொடர்பு.

இந்தக் கட்டடத்தைத் தாக்கியதில் இந்த ஆளுக்குப் பங்கு உண்டு என்று இணைத்துக் காட்டியதுதான் இங்கே வேலை. இடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படம், காணொளி, யார் எங்கே நின்றார் என்பது எல்லாம் கட்டடம் கட்டடமாகச் சேர்க்கப்பட்டன. எல்லா இடத்திலும் அல் மஹ்தி இருந்தார். குறைந்தது ஐந்தில் நேரடியாகக் கை வைத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒன்றைத் தவிர மற்றவற்றில் புல்டோசர் வேண்டாம், பக்கத்துக் கட்டடம் சேதமாகும் என்று அவர் வற்புறுத்தியதும் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 27இல் ஒன்பது ஆண்டு. உயிர்ச்சேத வழக்கோடு ஒப்பிட்டு இது குறைவு என்பவர்கள் உண்டு. சொத்து மீதான குற்றம் பொதுவாக ஆள் மீதான குற்றத்தைவிடக் கடுமை குறைந்தது என்று நீதிமன்றமே சொன்னது. அடுத்த ஆண்டு 27 லட்சம் யூரோ இழப்பீட்டுக்கும் உத்தரவு வந்தது.

—

மேலே சொன்னதோடு சேர்க்க வேண்டியது ராணுவ இலக்கு விவகாரம். வழக்குகள் சரிவது பெரும்பாலும் இங்கேதான். போஸ்னியாவின் மோஸ்தர் பழைய பாலம் குரோவாட் படையின் தாக்குதலில் 1993 நவம்பர் 9இல் விழுந்தது. எதிர்த்தரப்புப் படை அதைப் பயன்படுத்தியதால் அது ராணுவ இலக்கு என்று 2017இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு மன்றம் முடிவுசெய்து, பாலம் தொடர்பான குற்றத்தீர்ப்பை நீக்கியது. அதே தீர்ப்பாயத்தில், குரோவாசியாவின் துப்ரோவ்னிக் வழக்கில் நேர்மாறு. 1991 டிசம்பர் 6 எறிகணை வீச்சில், பழைய நகருக்குள் சுடும் நிலைகள் இல்லை என்று நிறுவ முடிந்தது. தாக்கிய யூகோஸ்லாவ் படையின் தளபதி ஸ்ட்ருகர் தானே சுடவில்லை. தடுக்க வேண்டியவர் தடுக்கவில்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார்.

அதனால் களத்தில் ஆவணப்படுத்துகிறவர்கள் இடிபாட்டை மட்டும் படமெடுத்து நிறுத்திவிடக் கூடாது. கூரை, சுற்றுச்சுவர், எதிர்த் தெரு எல்லாவற்றையும் எடுங்கள். மணல் மூட்டை, தோட்டா உறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சான்று. கல்லை அகற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் அளவுகோலோடு படம் வேண்டும். மூலக் கோப்பை வெட்டாமல், சுருக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தேதி, இடக்குறிப்பு போய்விடும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

—

காலமும் முக்கியம். இடம் ஏற்கெனவே கைக்கு வந்தபின் இடித்தாலும் தாக்குதல்தான் என்றது அல் மஹ்தி தீர்ப்பு. ஆனால் அதே நீதிமன்றத்தில், காங்கோவின் ஆயுதக் குழுத் தளபதி என்டகாண்டா வழக்கில், சாயோ ஊர்த் தேவாலயத்தில் நடந்தது சண்டை ஓய்ந்தபிறகு என்பதால் இந்தக் குற்றத்தில் சேரவில்லை. 2021 மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. எனவே குறிப்பில் நாள் மட்டும் போதாது, அந்த மணியில் சண்டை எங்கே நடந்தது என்பதும் வேண்டும்.

யாழ்ப்பாண நூலக எரிப்பை இங்கே கொண்டுபோக முடியாதா என்று கேட்கிறவர்களுக்கு: எரிப்பு 1981இல். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் அதிகாரம் 2002 ஜூலை 1க்குப் பிந்தைய குற்றங்களுக்கு மட்டும். இலங்கை ரோம் சட்டத்தில் சேரவும் இல்லை. அந்தக் கதவு மூடியே இருக்கிறது.