இரண்டாம் பாகத்தையும் முன்கதையையும் நடுநிலையாகப் பார்க்க முடியுமா?

சிப்புட்காரன்:

வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி சுங்கை சிப்புட் டவுனில் மாமாக் கடையில் உட்கார்ந்து நாங்கள் நாலு பேர் ரெண்டு மணி நேரம் பேசிய விஷயம் இது. தே தாரிக் ஆறிப்போனதுதான் மிச்சம், முடிவு வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

பில்லா 2 மோசமான படம் என்று எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் முதல் படம் மாதிரி இல்லையாம். எதில் இல்லை என்று விடாமல் கேட்டதில் ஒருவர் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். 2007-ல் வந்த பில்லாவைப் பெரும்பாலும் நம் மலேசியாவில்தான் எடுத்தார்கள், பத்துமலை முருகன் சிலைக்கு முன்னால் அஜித் ஆடினார், அந்தச் சிலை திறந்து அப்போது ரெண்டு வருடம்கூட ஆகவில்லை, தைப்பூசத்துக்கு நாம் பால்குடம் எடுத்துப் போகிற இடம் திரையில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தபோது நாமே படத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. 2012-ல் வந்த இரண்டாவது படம் இராமேஸ்வரம், கோவா என்று போய்விடுகிறது. சரி, எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அது படத்தின் குறையா? நம் ஊரைக் காட்டவில்லை என்ற வருத்தத்தைத் தூக்கி இயக்குநர் தலையில் வைக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பில்லா என்ற பெயரை வைத்துத்தானே டிக்கெட் விற்றார்கள், அந்தப் பெயருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் 'இது நல்ல படமா' என்பது ஒரு கேள்வி, 'இது அந்தப் படத்துக்கு நல்ல தொடர்ச்சியா' என்பது வேறு கேள்வி. ரெண்டையும் போட்டுக் குழப்புகிறோம். பில்லா 2 மாதிரி முன்கதை என்றால் இன்னும் சிரமம், ஏனென்றால் பில்லா எப்படிச் சாகிறான் என்று ஏற்கனவே பார்த்துவிட்டோம், அதற்கு முன்னால் எத்தனை பேர் துப்பாக்கி தூக்கினாலும் அவன் பிழைத்துவிடுவான் என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கிறோம். இந்த மாதிரிப் படத்தை யாராவது நடுநிலையாக எடைபோட முடியுமா?

பால்மரத்தடி:

தம்பி, நீங்கள் பில்லாவைச் சொன்னீர்கள், எனக்கு இந்தியன் படம் ஞாபகம் வந்துவிட்டது.

என் பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். 1943-ல் நேதாஜி மலாயாவுக்கு வந்தபோது வாளியைக் கீழே வைத்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார், அந்தக் காலத்தில் தோட்டங்களில் இருந்து நிறையப் பேர் போனார்கள், பெண்கள்கூட ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். 1996-ல் இந்தியன் வந்தபோது அவரை ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். கதாநாயகன் சேனாபதி நேதாஜி படையில் இருக்கும் கருப்பு வெள்ளைக் காட்சி வந்ததும் மனிதர் அசையவே இல்லை. படம் முடிந்து பஸ்ஸில் வரும்போது, "தொப்பி சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் வீடு வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்படிப் பார்த்த படத்துக்கு 28 வருடம் கழித்து இரண்டாம் பாகம் எடுத்தால் நான் எப்படி நடுநிலையாக இருக்க முடியும், சொல்லுங்கள். பெரியப்பா இல்லாத வீட்டில்தான் அதைப் பார்த்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்வேன், இது என் பாசத்தில் இருந்து வருவது இல்லை. முதல் படத்தில் சேனாபதியின் கோபம் அவர் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்றதால் மகள் கஸ்தூரி வைத்தியம் இல்லாமல் சாகிறாள். லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பள்ளிப் பேருந்தைப் பாஸ் பண்ணிய மகனைக் கடைசியில் தன் கையாலேயே கொல்கிறார். தப்பு செய்தவன் யாராக இருந்தாலும் விடமாட்டேன் என்ற பேச்சுக்கு அவர் கொடுத்த விலை அது. 2024 படத்தில் இழப்பு சித்தார்த் நடித்த இளைஞனுடைய வீட்டில் நடக்கிறது. சேனாபதி வெளியே இருந்து வந்து வழி சொல்பவராக நிற்கிறார். அவர் எதையும் இழக்கவில்லை, அதனால் அவர் பேசுவது பிரசங்கம் மாதிரிக் கேட்கிறது. பெரியப்பா கதை தெரியாத யாரும் ரெண்டு படத்தையும் போட்டுப் பார்த்து இதைச் சரிபார்க்கலாம்.

ஈப்போ வாசகி:

ஐயா, உங்கள் பெரியப்பாவைப் பற்றி எழுதியதை ரெண்டு முறை படித்தேன். ஆனால் முடிவில் நான் மாறுபடுகிறேன். இழப்பு எங்கே நடக்கிறது என்பது கதையில் இருக்கிற விஷயம், அதை யாரும் சரிபார்க்கலாம், உண்மைதான். கோபப்படுகிறவனுக்குச் சொந்த இழப்பு இருந்தே ஆகவேண்டும் என்பது நீங்கள் கொண்டுவரும் அளவுகோல். அந்த அளவுகோலை உங்களுக்குக் கொடுத்ததே முதல் படம்தான். இரண்டாம் பாகத்தை எடைபோட முதல் பாகத்தையே படிக்கல்லாகத் தராசில் வைக்கிறோம், இதில் நடுநிலை எங்கே இருக்கிறது?

முடிவு தெரிந்த கதை என்று சிப்புட்காரன் அண்ணன் சொன்னதையும் நான் முழுசாக ஏற்கமாட்டேன். 1974-ல் வந்த காட்ஃபாதர் இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். மகனுடைய பின்கதையும் அப்பாவுடைய முன்கதையும் மாறி மாறி வரும். அப்பா பெரிய ஆளாகி, கிழவனாகிச் சாவதை 1972 படத்திலேயே பார்த்தாயிற்று. இருந்தும் அந்தச் சின்னப் பையன் தனியாகக் கப்பலில் வந்து இறங்குவதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது, ஏனென்றால் அப்பா சேர்த்து வைத்த குடும்பத்தை மகன் இழந்துகொண்டிருப்பது பக்கத்திலேயே ஓடுகிறது. ரெண்டு படத்துக்கும் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் கிடைத்தது. முடிவு தெரிந்திருப்பதை எடுத்தவர் பயன்படுத்திக்கொண்டாரா என்றுதான் கேட்கவேண்டும்.

இந்தப் பேச்சில் பொன்னியின் செல்வனைக் கொண்டுவராதீர்கள், தயவுசெய்து. 2022-ல் ஒன்று, 2023-ல் ஒன்று வந்தாலும் கல்கியின் ஒரே கதை அது, பாதிப் பாதியாகப் பார்த்து மார்க் போடுவது நியாயம் இல்லை.

உங்களுக்கு உண்மையிலேயே தெரியவேண்டும் என்றால் முதல் படமே பார்க்காத ஒருவரிடம் இரண்டாவதைக் காட்டுங்கள் அண்ணே.

தாமான் தம்பி:

நான்தான் அந்த ஆள். எனக்கு 17 வயது. இந்தியன் 2 தான் முதலில் பார்த்தேன், அப்புறம்தான் அப்பா பழைய படத்தைப் போட்டுக் காட்டினார். பழையது தான் நல்ல படம், ஒத்துக்கொள்கிறேன், கஸ்தூரி காட்சியில் அம்மா பக்கம் திரும்பவே முடியவில்லை. ஆனால் இரண்டாவதைப் பார்க்கும்போது நீங்கள் எல்லாரும் சொல்கிற அளவுக்குக் கோபம் எனக்கு வரவில்லை, நீளமாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன். உங்கள் கோபத்தில் பாதி 1996-க்குச் சொந்தம் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா.

சிப்புட்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வாசகி சொன்னதை நேற்றுச் செய்து பார்த்துவிட்டேன். அக்கா மகளுக்கு 16 வயது, அவள் ரெண்டு பில்லாவும் பார்த்ததில்லை. முதலில் பில்லா 2 போட்டேன். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

இலங்கையில் இருந்து அகதியாக வந்து இறங்குகிற இடத்தில் நன்றாக ஒன்றிப்போனாள். இரண்டாம் பாதியில் ஒருவரை மாற்றி ஒருவர் சுட்டுக்கொண்டே இருக்கும்போது ஃபோனைக் கையில் எடுத்தாள். 2012-ல் நான் தியேட்டரில் நெளிந்ததும் அதே இடத்தில்தான். அவளுக்குப் பத்துமலை ஏக்கமும் இல்லை, ஒப்பிட முதல் படமும் இல்லை, இருந்தும் ரெண்டு பேரும் ஒரே இடத்தில் விலகுகிறோம் என்றால் அந்தக் குறை படத்தில்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இதை மட்டும் இனி தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. உடனே 2007 படத்தைப் போட்டேன். போலீஸ் துரத்தும்போது பில்லா விபத்தில் சிக்கிச் சாகிற காட்சி, நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் பில்லா மாதிரியே இருக்கிற வேலு சீக்கிரம் வரட்டும் என்று காத்திருந்த காட்சி அது. இவள் சோபாவில் இருந்து எழுந்தே விட்டாள். இராமேஸ்வரத்தில் இருந்து இவ்வளவு தூரம் அவனோடு நடந்து வந்தவள் ஆயிற்றே. பத்துமலைப் பாட்டு வந்தபோது நான் வால்யூமைக் கூட்டினேன், அவள் திரையைப் பார்க்கவே இல்லை. "மாமா, அவன்தான் செத்துட்டானே, இனி யாருக்காகப் பார்க்கிறது?" என்று கேட்டாள்.