அம்மாவின் வதிவிட உரிமை: மேன்முறையீடா, மீண்டும் ஸ்பொன்சரா?

மூத்தமகள், ஸ்காபரோ:

என் அம்மா 2010ஆம் ஆண்டில் என்னுடைய ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்து, நிரந்தர வதிவிட உரிமையுடன் ஆறு வருடங்கள் எங்களோடு இருந்தார். 2016இல் யாழ்ப்பாணத்தில் அம்மம்மா பாரிசவாதத்தில் விழுந்தபோது, மாமா பிரான்சில் இருந்ததாலும் பார்க்க வேறு யாரும் இல்லாததாலும், அம்மாதான் திரும்பிப் போனார். சில மாதங்கள் என்று நினைத்தது எட்டு வருடங்களைத் தாண்டிவிட்டது. இடையில் வதிவிட அட்டையும் காலாவதியானது; அத்தோடு உரிமையும் போய்விட்டது என்றுதான் நாங்கள் அறியாமையால் நினைத்திருந்தோம்.

அம்மம்மா காலமாகி, அந்தியேட்டி முடிந்த மூன்றாம் மாதம் அம்மா அட்டை இல்லாமல் கனடாவுக்குத் திரும்பிவரப் பயண ஆவணம் கேட்டு விண்ணப்பித்தோம். ஐந்து வருடங்களில் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும், இவரோ ஒரு நாளும் இருக்கவில்லை என்று மறுத்துக் கடிதம் வந்திருக்கிறது. மேன்முறையீடு செய்ய 60 நாட்கள் உண்டு. அதில் 12 நாட்கள் கழிந்துவிட்டன. தம்பியோ, அந்த உரிமையை அம்மா தானாகவே எழுதிக் கொடுத்துத் துறந்துவிட்டால் புதிதாக ஸ்பொன்சர் செய்துவிடலாம் என்கிறான். அம்மாவுக்கு 69 வயது, அந்த வீட்டில் இப்போது தனியே இருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நல்லூரான்:

தங்கச்சி, உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்து நாட்கள், நூறு நாட்கள் குறைந்தவர்களுக்கு மேன்முறையீடு ஒரு வழி. ஐந்து வருடமும் ஒரு நாளேனும் வராதவருக்கு அது மிகப் பலவீனமான வழக்கு. அந்த வழக்கு முடியும்வரை அம்மா சட்டப்படி நிரந்தர வதிவாளராகவே இருப்பதால், அவருக்கு வருகையாளர் விசாவும் கிடைக்காது, பிள்ளைகளிடம் வரும் பெற்றோர் நீண்டகாலம் தங்குவதற்கான சூப்பர் விசாவும் கிடைக்காது. மறுக்கப்படுவதற்கு முந்திய 365 நாட்களுக்குள் ஒரு தடவையாவது கனடாவுக்கு வந்துபோயிருந்தால், மேன்முறையீடு நடக்கும்போதே திரும்பிவரப் பயண ஆவணம் கேட்கலாம்; உங்கள் அம்மாவுக்கு அந்தத் தகுதியும் இல்லை. நீங்கள் உரிமையைக் காப்பாற்றப் போராடும் காலம் முழுவதும் அம்மா அங்கே தனியே இருக்கப் போகிறார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கோண்டாவில் மருமகள்:

நல்லூரான் அண்ணா, உரிமையைத் துறக்கச் சொல்வதற்கு முன், மீண்டும் ஸ்பொன்சர் செய்ய வழி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பெற்றோரை ஸ்பொன்சர் செய்ய விரும்புவோரின் பெயர்களைக் கடைசியாகப் பதிந்தது 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர், நவம்பரில். 2021 முதல் 2025 வரை அனுப்பிய அழைப்புகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்து குலுக்கி எடுத்தவைதான். 2025இல் 17,860 பேருக்கு அழைப்பு அனுப்பினார்கள்; ஏற்றுக்கொள்ள எண்ணியதோ 10,000 விண்ணப்பங்கள். 2020இல் அம்மா நிரந்தர வதிவாளராக இருந்ததால், அக்காவோ தம்பியோ அவருக்காகப் பெயர் பதிந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு "புதிதாக ஸ்பொன்சர் செய்யலாம்" என்று சொல்வது, பூட்டிய வாசலைக் காட்டி உள்ளே போ என்பதற்குச் சமம்.

வாசல் திறந்தாலும் 2010இல் இருந்த சட்டம் இப்போது இல்லை. அன்று ஸ்பொன்சர் செய்தவர் அவரைப் பராமரிக்கப் பொறுப்பேற்கும் காலம் பத்து வருடம், ஒரு வருட வருமானம் காட்டினால் போதும். 2014இல் அதை இருபது வருடமாக்கி, குறைந்தபட்ச அளவுக்கு மேல் 30 வீதம் கூடிய வருமானத்தை மூன்று வருடங்களுக்குக் காட்டச் சொன்னார்கள். அக்கா, ஒருமுறை எழுதிக் கொடுத்துத் துறந்த உரிமையைத் திரும்பக் கேட்க முடியாது. எந்தப் படிவத்திலும் அவசரப்பட்டு அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள்.

நல்லூரான்:

ஸ்பொன்சர் பட்டியலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அந்த இடத்தில் தம்பியின் கணக்குப் பிழைக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது சூப்பர் விசாவை. 2022 யூலை முதல் ஒவ்வொரு வருகைக்கும் ஐந்து வருடம் தொடர்ந்து தங்கலாம். குலுக்கல் இல்லை, பட்டியல் இல்லை. ஒரு தாய் பேரப்பிள்ளைகளோடு இருக்க நிரந்தர வதிவிடம் என்ற பெயர்தான் வேண்டுமா?

கோண்டாவில் மருமகள்:

பெயர் அல்ல அண்ணா, வைத்தியம். சூப்பர் விசாவில் வருபவருக்கு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது. குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுக்க வேண்டும். எழுபதை எட்டும் ஒருவருக்கு, அதுவும் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், அந்தத் தவணைப் பணத்தை வருடா வருடம் கட்டுவது எத்தனை குடும்பங்களுக்கு இயலும்? என் மாமியாருக்காக நாங்கள் கட்டிப் பார்த்திருக்கிறோம். ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி, ஒரு இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததற்கான பணத்தை எங்களையே கட்ட வைத்தார்கள். அம்மா இங்கே ஆறு வருடம் வாழ்ந்திருக்கிறார். முதியோர் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து வருட வதிவில் பாதிக்கு மேல் கடந்தவர். அதையும் யோசியுங்கள்.

மேன்முறையீட்டில் நாட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ஏன் போனார், ஏன் தங்க நேர்ந்தது, முதல் வாய்ப்பிலேயே திரும்ப முயன்றாரா, கனடாவில் அவருக்கு எவ்வளவு வேர் இருக்கிறது, உரிமை போனால் குடும்பத்துக்கு என்ன துன்பம், பாதிக்கப்படும் பிள்ளைகளின் நலன் என்ன என்பதெல்லாம் மனிதாபிமானக் காரணங்களாக எடுத்துக்கொள்ளப்படும். படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்கப் போய், அந்தியேட்டி முடிந்த மூன்றாம் மாதமே விண்ணப்பித்த ஒருவருக்கு இது பலவீனமான வழக்கு என்று நான் நினைக்கவில்லை.

வடலி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு நாங்கள் மேன்முறையீடு செய்து, ஏறத்தாழ இரண்டு வருடம் காத்திருந்து தோற்றோம். அவர் ஊரில் தங்கியது காணி, வீடு பார்க்க. மேன்முறையீட்டை விசாரித்த உறுப்பினர் அதை அவராகவே செய்த ஒரு தெரிவாகக் கண்டார். அதனால் காரணம் எதுவோ அதுவே வழக்கு என்று சொல்வேன். தோற்ற பிறகு சூப்பர் விசாவில்தான் அப்பாவை அழைத்தோம், அந்த வழி அப்போதும் திறந்தே இருந்தது. ஆனால் அந்த இரண்டு வருடங்களில் அவர் மிகவும் தளர்ந்துவிட்டார். முதல் தடவை விமான நிலையத்தில் தன் பெட்டியைத் தானே தள்ளிவந்த மனிதர், இரண்டாம் தடவை சக்கர நாற்காலியில் வந்தார். நல்லூரான் ஐயா காலத்தைப் பற்றிச் சொல்வதை இலேசாகத் தள்ளிவிடாதீர்கள்.

மூத்தமகள், ஸ்காபரோ:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் இவை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய் ஒரு பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து தொலைபேசியில் காட்டினார். அம்மம்மாவுக்கு மருந்து வாங்கிய பற்றுச்சீட்டுகள், கிளினிக் கொப்பி, மாமா பணம் அனுப்பிய துண்டுகள் எல்லாம் வருட வாரியாக இறப்பர் வளையம் போட்டு அதற்குள் இருந்தன. அடியில் கைலேஞ்சியில் சுற்றிய பழைய வதிவிட அட்டை. மாமாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சேர்த்தவையாம். தனியே காத்திருப்பது பயமாக இல்லையா என்று கேட்டேன். "எட்டு வருசம் இருந்திட்டன் பிள்ளை, வாறதெண்டால் திரும்பிப் போகத் தேவையில்லாமல் வாறன்" என்றார்.

அதனால் மேன்முறையீடு செய்கிறோம். தம்பி இன்னும் முழுமனதாக இல்லை. தோற்றால் உடனே சூப்பர் விசா என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நல்லூரான்:

என் கருத்து மாறவில்லை, தங்கச்சி. நானாக இருந்தால் அம்மாவை முதலில் இங்கே கொண்டுவந்துவிடுவேன். ஆனால் முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், 60 நாட்களைக் கடிதம் கிடைத்த நாளில் இருந்து எண்ணி, கடைசி வாரம்வரை வைத்திராமல் மேன்முறையீட்டு அறிவித்தலை அனுப்பிவிடுங்கள். பேணியில் உள்ளவற்றை இப்போதே படம் எடுத்து, தமிழில் உள்ளவற்றை மொழிபெயர்க்கக் கொடுங்கள். மாமா ஏன் வர முடியவில்லை என்பதை அவரே ஒரு சத்தியக்கடதாசியாக எழுதித் தர வேண்டும். "வேறு பிள்ளைகள் இல்லையா" என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.