பழைய நாணய கேட்லாக் கைகொடுத்த நேரங்கள்: சேகரிப்பாளர்களின் அனுபவப் பகிர்வு

பாம்பனிலிருந்து ஓர் உறுப்பினர்:

என்னிடம் உள்ள உலக நாணய கேட்லாக் 1970களின் பதிப்பு. ராமநாதபுரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில், பள்ளிப் பாடநூல்களுக்கு நடுவே கிடந்ததை எடைக்கு வாங்கினேன். உப்புக்காற்றில் தாள் பழுத்து, முதுகு பிரிந்துவிட்டது. இலங்கைப் பகுதியில் இராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை ஒன்று ஏழெட்டுப் பக்கங்களை ஊடுருவிச் செல்கிறது. (ராமேசுவரம் தீவில் குடியிருந்துகொண்டு இராமபாணத்தைக் குறை சொல்லலாமா என்பது என் மனைவியின் கேள்வி.) அதில் அச்சிட்டிருக்கும் விலைகளை வைத்து இன்று யாரும் பேரம் பேச முடியாது. ஆனாலும் புதிய பட்டியல் எதுவும் செய்யாத ஓர் உதவியை அந்தப் புத்தகம் எனக்குச் செய்தது.

எங்கள் தெருவில் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். இளவயதில் அவருக்குத் தனுஷ்கோடியில் வேலை. 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்தது அல்லவா, அந்தக் கப்பலின் கடைசி ஆண்டுகளில், பயணிகள் மாற்றாமல் விட்டுச்சென்ற இலங்கைச் சில்லறையை அவர் சேர்த்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அவருடைய மகன் ஒரு பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்தார். உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு காகித உறைகள் இருந்தன. டப்பா எப்போதோ கைதவறிக் கொட்டியிருந்ததால் பாதிக் காசுகள் உறைக்கு வெளியே கலந்து கிடந்தன. ஒவ்வோர் உறையின் மேலும் ஆங்கில ‘ஒய்’ எழுத்து, ஓர் எண், அதற்குக் கீழே பென்சிலில் ‘கப்பல் தளம்’, ‘சுங்கக் கூடம்’, ‘டீக்கடைப் பாக்கி’ என்று அந்தக் காசு கிடைத்த இடம்.

ஒரு நாணய வகையைக் குறிக்க இன்று நாம் எல்லோரும் சொல்வது கேஎம் என்ற கேட்லாக் எண். அதோடு ஒப்பிட்டால் ஓர் உறைகூடப் பொருந்தவில்லை. பெரியவர் தம் மனம்போன போக்கில் எண் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். பிறகுதான் விவரம் புரிந்தது. ‘ஒய்’ என்பது யோமன் என்ற கேட்லாக் ஆசிரியரின் பெயரில் முதல் எழுத்து. ஏறத்தாழ 1850க்குப் பிந்தைய உலக நாணயங்களுக்கு அவர் 1957இல் ஒரு கேட்லாக் வெளியிட்டார். அதற்கு முந்தைய நூறாண்டுக்கு, அதாவது 1750 முதல் 1850 வரை, கிரெய்க் என்பவர் 1966இல் தம் நூலைக் கொண்டுவந்தார். அவருடைய எண்கள் ‘சி’ எழுத்தோடு வரும். க்ராஸும் மிஷ்லரும் 1972இல் தங்கள் பெருநூலைத் தொடங்கியபோது இந்த இரண்டு வரிசைகளையும் எடுத்தாண்டார்கள். தங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட கேஎம் எண்களைப் பிற்பாடுதான் படிப்படியாக நிரப்பினார்கள். என்னிடமுள்ள பதிப்பு அந்த மாற்றம் முழுமை பெறுவதற்கு முந்தையது என்பதால் இலங்கைக்கு யோமன் எண்களே அதில் இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து உறைகளையும் காசுகளையும் சேர்த்தேன். விக்டோரியா தலையும் பனைமரமும் கொண்ட தாமிர ஒரு சதம், 1909இல் முதன்முதலில் வந்த சதுர ஐந்து சதம், விளிம்பு நெளிந்த 1944ஆம் ஆண்டு இரண்டு சதம் எல்லாம் தத்தம் வீடு போய்ச் சேர்ந்தன. இவை எதுவும் அரிய காசல்ல. ஆனால் எந்தக் காசு கப்பல் தளத்தில் கிடைத்தது, எது டீக்கடைப் பாக்கி என்பதைச் சொல்ல அந்தப் பழைய எண்ணைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

கீழக்கரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

பாம்பன் அண்ணன் எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் காசு ஒன்று நினைவுக்கு வந்தது. என் உம்மாவின் வாப்பா ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்த சில சவூதிச் சில்லறைகள் ஒரு தைல டப்பியில் இருந்தன. அவற்றுள் கிர்ஷ் காசு ஒன்றின் முகத்தில், எழுத்துகளின் மேலேயே, ஏதோ ஆணியால் அடித்ததுபோல இரண்டு குறிகள் பதிந்திருந்தன. முதலாவது நம் 7ஐப் போன்ற கோடு, இரண்டாவது ஒரு சிறு வட்டம். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் காட்டியபோது, யாரோ ‘70’ என்று அடித்துக் காசைக் கெடுத்துவிட்டார்கள் என்றும், உலோக விலைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

காசுகளை எடைபோடவும் அளக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்த காக்கா ஒருவர் தம்முடைய பழைய கேட்லாக்கின் முன்பக்கங்களைத் திறந்து எண் அட்டவணையைக் காட்டினார். அரபு எழுத்து முறையில் நம் 7ஐப் போலத் தெரிவது 6. வட்டம் சுழியல்ல, 5. சுழிக்கு வெறும் புள்ளிதான். ஆகவே அந்தக் குறி 65. காசில் முதலில் பொறித்திருந்த ஆண்டு ஹிஜ்ரி 1356, அதாவது 1937. பிறகு ஹிஜ்ரி 1365இல், ஏறத்தாழ 1946இல், அதே காசுகளின் மேல் ‘65’ என்ற மறுமுத்திரை குத்தப்பட்டது. சவூதிப் பகுதியில் அது தனி வகையாகவே பட்டியலிடப்பட்டிருந்தது. வியாபாரி பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவரும் என்னைப் போலவே வட்டத்தைச் சுழியாக வாசித்திருப்பார்.

வளைகுடாவிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த காசுகள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஓராண்டு முன்பின்னாகக் கிடைக்கும். இதையும் அந்தப் பழைய புத்தகத்தின் ஓரத்தில் யாரோ மையில் எழுதி வைத்திருந்த கணக்கிலிருந்துதான் நான் கற்றேன்.

தொண்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருவரும் சொல்வது உண்மையே. ஆயினும் பழையது என்றாலே வாங்கிவிடக் கூடாது என்பதற்கு நானே எடுத்துக்காட்டு. என்னிடம் இருந்தவை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டொய்ட் என்ற தாமிரச் சில்லறைக் காசுகள். ஒரு பக்கம் கம்பெனியின் முத்திரையெழுத்தும் ஆண்டும், மறுபக்கம் நெதர்லாந்து மாகாணம் ஒன்றின் கேடயச் சின்னம். அவை அதற்கு முந்தையவையாக இருக்க, அவற்றுக்காக அஞ்சலில் வரவழைத்த தடித்த புத்தகமோ இருபதாம் நூற்றாண்டுக்கு மட்டுமான தொகுதி! க்ராஸ், மிஷ்லர் பெருநூல் பிற்காலத்தில் நூற்றாண்டு வாரியாகப் பிரிக்கப்பட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னர் 1953இல் வெளியான ஷோல்டனின் டச்சுக் குடியேற்ற நாணய நூலை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்த பிறகே, அலைகளுக்கு மேலே பாதி உடலோடு எழும் சிங்கம் இருந்தால் அது சீலாந்து மாகாணக் காசு என்பதை அறிந்தேன்.

ராமேசுவரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

பழைய நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே பதிவாக வேண்டும். ஒருபுறம் நிற்கும் மனித உருவம், மறுபுறம் படுத்திருக்கும் காளை, அதன் கீழே ‘சேது’ என்ற தமிழ் எழுத்து: இந்தச் செப்புக்காசு நம் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் பலரிடம் உண்டு. பழைய நூல்கள் சிலவற்றில் இது ராமநாதபுரம் சேதுபதிகளுடையது என்று இருந்தது. ஊர்ப் பெருமை காரணமாக நானும் அதையே பல ஆண்டுகள் சொல்லித் திரிந்தேன். பள்ளிக் கண்காட்சி ஒன்றில் அட்டையில்கூட அப்படித்தான் எழுதி வைத்தேன்.

கோட்ரிங்டன் 1924இல் கொழும்பிலிருந்து வெளியிட்ட இலங்கை நாணய நூலைப் படித்தபோதுதான் அவை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகள் என்பது தெளிவாயிற்று. ‘சேது’ என்பது அவர்களுடைய மங்கலச் சொல்லாகவும் இருந்தது. நிற்கும் அரசனின் உருவமைதி அக்கால இலங்கைக் காசுகளை ஒட்டியது. சேதுபதிகளின் ஆட்சியோ 1605 வாக்கில்தான் நிலைகொள்கிறது. இதிலும் பிழையைத் திருத்தியது இன்னொரு பழைய நூல்தான். அதனால் ஒரே ஒரு கேட்லாக்கை வேதமாகக் கொள்ளாமல், குறைந்தது இரண்டையாவது அருகருகே திறந்து வைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. கண்காட்சி அட்டையை மாற்றி எழுதிவிட்டேன்.

மண்டபத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

விலையைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1808ஆம் ஆண்டுப் பத்துக்காசு நம் பகுதியில் பழைய வீட்டுப் பெட்டிகளில் தேய்ந்த நிலையில் கிடைக்கும். சென்னைக்கு அனுப்ப இங்கிலாந்தில் அச்சடித்த அந்தக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் அந்நாட்டுக் கரையோரத்திலேயே, குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து காசுகள் குவியல் குவியலாக மேலே எடுக்கப்பட்டன. அதற்கு முன் அச்சான கேட்லாக்கில் புழங்காத நிலைக்கு என்ன விலை போட்டிருந்தாலும் அதற்கு இன்று பொருளில்லை. கடலில் கிடந்தது புதிதாக இருக்கிறது, பெட்டியில் கிடந்தது தேய்ந்திருக்கிறது. என் மகனுக்கு இதை விளக்க அரைமணி நேரம் ஆனது. இவ்வளவுக்கும், அதிலுள்ள பாரசீக வரியின் பொருள் ‘பத்துக் காசு இரண்டு ஃபுலூஸ்’ என்பதை எனக்குச் சொன்னது அதே பழைய புத்தகம்தான்.

மீண்டும் பாம்பனிலிருந்து:

டப்பாவில் இன்னும் மூன்று உறைகள் காலியாகவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் எண் இருந்த இடத்தை இராமபாணம் தின்றுவிட்டது. ‘இறங்குதுறை, மழை’ என்பது மட்டும் பென்சிலில் தெரிகிறது.