விவாதம்: எஸ்காமின் கம்ப்யூட்டர் வேலை யார் கையில் இருக்க வேண்டும்?

மிட்ராண்ட்காரன்:
சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் பிரியாணிக்குப் பிறகு தொடங்கிய சண்டை. அங்கே முடியவில்லை, இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

தென்னாப்பிரிக்காவின் எஸ்காம் மாதிரி ஒரு பெரிய மின் நிறுவனத்தில் கணினி வேலை சிதறிக் கிடக்கிறது. அனல் மின் நிலையத்தில் கொதிகலனைப் பார்க்கும் கணினிக்கு ஒரு குழு. ஜெர்மிஸ்டன் பக்கம் சிம்மர்பானில் இருக்கும் தேசியக் கட்டுப்பாட்டு மையத்துக்கு ஒரு குழு. சம்பளம், கொள்முதல், பில், பிரீபெய்ட் கரண்ட் டோக்கன் எல்லாம் மெகாவாட் பார்க் தலைமை அலுவலகத்தோடு போகிறது. ஒரு குழு வாங்கியது இன்னொரு குழுவுக்குத் தெரியாது.

எஸ்காமுக்கு மென்பொருள் விற்ற ஆரக்கிள் கம்பெனி விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? உரிமத்துக்கு மேல் பயன்படுத்திவிட்டீர்கள், சுமார் 730 கோடி ரேண்ட் பாக்கி என்றது ஆரக்கிள். எண்ணிப் பார்த்தோம், 16 கோடி ரேண்டுக்குச் சற்று மேல்தான் என்றது எஸ்காம். நீதிமன்றம் வரை போனார்கள். யார் கணக்குச் சரி என்பதை விடுங்கள். தன் வீட்டில் எத்தனை தம்ளர் இருக்கிறது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல முடியாத குடித்தனம் அது. என் கட்சி இதுதான்: எல்லாம் ஒரே துறை, ஒரே தலைமை, ஒரே கணக்குப் புத்தகம். (பதினோரு வருடமாக சாப் என்ற அலுவலகக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. எஸ்காமில் இல்லை, அதனால் தைரியமாகப் பேசுகிறேன்.)

பழைய ரிலே:
தம்பி, முப்பது வருடம் சப்ஸ்டேஷன் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் சாப் சர்வர் நின்றால் என்ன ஆகும்? ஆட்கள் டீ குடிக்கப் போவார்கள். என் ரிலே (லைனில் கோளாறைக் கண்டு துண்டிக்கச் சொல்லும் கருவி) தப்பாக முடிவெடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கும்.

50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. 400 கிலோவோல்ட் லைனில் கோளாறு வந்தால் சில சுற்றுகளுக்குள் பிரேக்கர், அதாவது லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச், திறந்தாக வேண்டும். அந்த முடிவையும் ஒரு கணினிதான் எடுக்கிறது. ஆனால் உங்கள் ஆட்கள் மாதாமாதம் அப்டேட் போட்டு 'ரீஸ்டார்ட் செய்யவும்' என்கிற வகைக் கணினி இல்லை அது. அதைத் தொட வேண்டுமானால் லைனை முன்கூட்டியே திட்டமிட்டு நிறுத்தி, சோதித்து, கையெழுத்து வாங்க வேண்டும். இதையும் சம்பளக் கணினியையும் ஒரே மேலாளரிடம் கொடுத்தால் அவர் இரண்டையும் செலவாகத்தான் பார்ப்பார்.

அப்புறம், ஒரே குடை என்பது புது யோசனையும் இல்லை. எஸ்காம், டிரான்ஸ்நெட் (ரயில், துறைமுகம்), டெனெல் (ஆயுதம்) என்ற மூன்று அரசு நிறுவனங்களின் கணினித் துறைகளையும் சேர்த்து 2001-ல் அரிவியா என்று ஒரு கம்பெனியே ஆரம்பித்தார்கள். அது பிறகு தனியாருக்குக் கைமாறிப் போனது. இப்போது எஸ்காமையே மூன்றாகப் பிரிக்கிறார்கள். மின் கடத்தல் கம்பெனி 2024 ஜூலை 1 முதல் தனிக் கணக்கில் ஓடுகிறது. வீடே பாகப்பிரிவினையில் இருக்கும்போது ஒரே சமையலறை கட்டச் சொல்கிறீர்களே.

மிட்ராண்ட்காரன்:
ஐயா, அரிவியா வெளியே கொடுத்த கதை. நான் உள்ளேயே ஒன்றாக்கச் சொல்கிறேன். இரண்டும் வேறு. பாகப்பிரிவினை வாதத்துக்கு மட்டும் உடனே பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிரிந்து போகும் மூவரும் தனித்தனியாக சர்வர் வாங்கினால் அந்தச் செலவும் நம் யூனிட் விலையில்தான் வந்து விழும்.

லெனேசியா கடை:
நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கடையில் ரொட்டி, பால், ஏர்டைம், கரண்ட் டோக்கன் விற்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் மேலே பேசுகிறீர்கள், நான் கவுன்டரில் நின்று சொல்கிறேன்.

2024 நவம்பர் 24-க்கு முந்தைய வாரங்களை மறக்க முடியுமா? டோக்கன் வாங்க வந்தவர்களுக்கு ஒரு சீட்டில் மூன்று எண் வந்தது. மீட்டரைப் புதுக் கணக்குக்கு மாற்ற இருபது இலக்கத்தில் இரண்டு, பிறகு அவர்கள் காசு கொடுத்து வாங்கிய டோக்கன் இருபது இலக்கம். மொத்தம் அறுபது இலக்கம். கண்ணாடி இல்லாமல் ஒரு பாட்டி அதை இருட்டில் அமுக்க வேண்டும், அதுவும் வரிசை மாறாமல். பாதிப் பேர் கடைசி எண்ணை முதலில் போட்டுவிட்டு, 'அக்கா, உன் டோக்கன் டூப்ளிகேட்' என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். ஒரு பெரியவருக்கு நான் போனிலேயே நாலு நாலு எண்ணாகப் படித்துக் காட்டினேன், ஒரு மணி நேரம் ஆனது. இதற்கு எந்தத் துறை பொறுப்பு? உங்கள் ஒரே துறையா, ஐயாவின் தனித் துறையா?

கரும்புத்தோட்டம்:
டர்பன் பக்கம் டோங்காட்டிலிருந்து வணக்கம். என் தமிழ் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளித் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எஸ்காம் நேரடியாக இல்லை. மாநகராட்சி எஸ்காமிடம் வாங்கி எங்களுக்கு விற்கிறது. ஆனால் அந்த மூன்று எண் கூத்து எங்கள் வீட்டிலும் நடந்தது. ஏன் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தது? அதை யாரும் எனக்கு விளக்கவே இல்லை.

மிட்ராண்ட்காரன்:
நான் விளக்குகிறேன், எனக்குப் பிடித்த விஷயம்.

சாதாரண பிரீபெய்ட் மீட்டர் எந்த நெட்வொர்க்கிலும் இல்லை. நீங்கள் காசு கட்டியதை அதனிடம் யாரும் போய்ச் சொல்ல முடியாது. அந்த இருபது இலக்கம்தான் சேதி கொண்டுபோகும் தபால்காரன். அதற்குள் எத்தனை யூனிட் என்பதும், டோக்கன் எந்த நிமிடத்தில் அச்சானது என்பதும் உங்கள் மீட்டருக்கு மட்டுமே உரிய சாவியால் பூட்டப்பட்டிருக்கும். நிமிடம் எதற்கு? அதே டோக்கனை இரண்டாம் தடவை போட்டால் 'இதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்' என்று மீட்டர் தள்ளுவதற்கு.

அந்த நிமிடக் கணக்கு 1993 ஜனவரி 1-ல் தொடங்குகிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 24 பிட். அதில் அடங்குவது 1,67,77,216 நிமிடம், அதாவது 32 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது தீர்ந்த நாள்தான் 2024 நவம்பர் 24. அந்த இரண்டு எண்ணும் பழைய சாவியை மாற்றிப் புதுச் சாவி கொடுத்தன. இனிக் கணக்கு 2014-லிருந்து. இதே தென்னாப்பிரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் உருவாகி, பிறகு உலகத் தரமாகவே ஆன ஏற்பாடு இது. அதனால்தான் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே கெடு.

கரும்புத்தோட்டம்:
அப்படியானால் அடுத்தது 2045 நவம்பரில். என் பேரனுக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

பழைய ரிலே:
நல்ல விளக்கம், தம்பி. என் வாதத்துக்கே நீங்கள் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். அந்த மீட்டர் முப்பது வருடம் உழைத்ததற்குக் காரணம் அது தலைமை அலுவலகக் கணினியோடு பேசவே இல்லை என்பதுதான். பிரித்து வைத்தால் பிழைக்கும்.

இன்னொரு சாட்சி தருகிறேன். 2019 ஜூலை 25, ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்குக் கரண்ட் கொடுக்கும் சிட்டி பவர் கம்பெனி. பணம் பறிக்கும் வைரஸ் புகுந்து அலுவலகத் தரவுத்தளம், மென்பொருள், நெட்வொர்க் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. பேப்பர், டிவி எல்லாவற்றிலும் வந்தது. ஆனால் கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வைரஸ் கெடுத்தது அலுவலகத்தை, மின்பாதையை அல்ல. எல்லாம் ஒரே துறை, ஒரே நெட்வொர்க் என்று இருந்திருந்தால்?

லெனேசியா கடை:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்பியில் ஓடி என்ன பிரயோஜனம்? அன்றைக்கு பிரீபெய்ட் ஆட்களால் டோக்கன் வாங்க முடியவில்லை. மீட்டரில் மீதி இரண்டு யூனிட் இருந்த வீட்டுக்கு ராத்திரி எட்டு மணிக்கு இருட்டுதானே? அதுவும் மாதக் கடைசி, குளிர்காலம். நூறு ரேண்டுக்கு மேல் ஒரே தடவையில் வாங்க முடியாதவர்கள்தான் என் கடைக்கு வருகிறவர்களில் அதிகம். சிஸ்டம் நின்றால் முதலில் அணைவது அவர்கள் விளக்கு. பில் கட்டுகிற பெரிய வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது.

டோக்கன் சிஸ்டம் 'டவுன்' ஆன ஒரு சாயங்காலம் (யாருடையது என்று இங்கே வேண்டாம்) என் கடை வாசலில் முப்பது பேர் நின்றார்கள். ஒரு அம்மா கைக்குழந்தைக்குப் பால் சுட வைக்க வேண்டும் என்றாள். நான் கேஸ் அடுப்பில் சுட வைத்துக் கொடுத்தேன். அது எந்தத் துறையின் வேலை?

பழைய ரிலே:
இதற்கு இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன், அதனால்தான் தாமதம்.

எங்கள் காலத்தில் பில் மூன்று மாதம் வராமல் போனாலும் விளக்கு எரிந்தது. அதனால் பில் கணினியை நாங்கள் குமாஸ்தா வேலை என்றே நினைத்தோம், அதற்கு மரியாதையே கொடுத்ததில்லை. பிரீபெய்ட் வந்த பிறகு டோக்கன் சர்வரும் ஒரு சுவிட்ச்தான். பிரேக்கருக்கு என்ன காவல் வைக்கிறோமோ அதே காவல் அதற்கும் வேண்டும்: மாற்று சர்வர், இருபத்துநாலு மணி நேர ஆள், வருடம் ஒரு தடவை நிறுத்திப் பார்க்கும் ஒத்திகை. அக்கா சொன்னது சரி. நான் கோடு போட்ட இடம் தப்பு.

ஆனால் கோடே வேண்டாம் என்று ஆகாது, தம்பி. டோக்கன் சர்வரை என் பக்கம் கொண்டுவாருங்கள் என்கிறேன்.

மிட்ராண்ட்காரன்:
ஐயா, ஒரு படி இறங்கி வந்து இரண்டு படி ஏறிவிட்டீர்கள்! சரி, ஸ்மார்ட் மீட்டரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? 2023-ல் ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்வேஸ் பகுதியில் சோதனை போட்டார்கள். லோட் ஷெடிங் (பகுதி பகுதியாக முறைவைத்து மின்வெட்டு) நேரத்தில் வீட்டை முழுதாக அணைக்காமல் மீட்டருக்குத் தூரத்திலிருந்தே கட்டளை அனுப்பி 10 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்துவது. 230 வோல்ட்டில் அது 2,300 வாட். லைட், டிவி, வைஃபை ஓடும். கீசர் 3 கிலோவாட், அது போடவே முடியாது. லோட் ஷெடிங்கில் குளிர்ந்த சோறு தின்றவர்களுக்கு இதுவே வரப்பிரசாதம். அந்தக் கட்டளை போவது தரவு நெட்வொர்க் வழியாக, வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்து. பில்லும் சுவிட்சும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. இதை எப்படிப் பிரிப்பீர்கள்?

கரும்புத்தோட்டம்:
அந்த ஒரே பெட்டிதான் எனக்குப் பயம். ஒரே தலைமை, ஒரே கணக்குப் புத்தகம் என்று முதல் பதிவில் எழுதினீர்கள், அண்ணா. ஒரே கடவுச்சொல் என்றும் ஆகிவிடாதா? எஸ்காமின் ஆன்லைன் டோக்கன் விற்பனை அமைப்பையே உடைத்துக் கள்ள டோக்கன் அச்சடித்திருக்கிறார்கள் என்று எஸ்காமே ஒப்புக்கொண்டது. தாமிரக் கம்பி திருட ராத்திரி ஏணி தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதற்கு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். அப்படிப்பட்ட இடத்தில் நாளைக்கு வீட்டை அணைக்கும் பொத்தானும் சேர்ந்தே இருக்கப் போகிறது.

இன்னொன்று. நீங்கள் இருவரும் கம்பெனிக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். லோட் ஷெடிங் நேரம் தெரிந்துகொள்ள நாம் எதைப் பார்த்தோம்? எஸ்காம்செபுஷ். எஸ்காம் கட்டம் கட்டமாக வெளியிட்ட அட்டவணையை எடுத்து வெளியாட்கள் செய்த செயலி அது. எங்கள் அம்மா ஆடிக் கூழ் காய்ச்சும் நேரத்தையே அதைப் பார்த்துத்தான் வைத்தார். தகவலைத் திறந்துவிட்டால் செய்யத் தெரிந்தவன் செய்துகொள்வான்.

உள்ளே செய்வதன் லட்சணத்துக்கும் ஒரு கதை. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், என் மாமா வீட்டில் கரண்ட் போய் புகார் கொடுத்தார். இரவு இரண்டு மணிக்கு எஸ்.எம்.எஸ்.: 'உங்கள் கோளாறு சரிசெய்யப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தருக.' மாமா அதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார். மறுபடி புகார், மறுபடி அதே எஸ்.எம்.எஸ். நாலாவது தடவை பத்துக்குப் பத்து கொடுத்தார், அப்போதாவது வருவார்களோ என்று.

மிட்ராண்ட்காரன்:
மாமாவுக்கு என் வணக்கம்!

ஆனால் அந்தக் கதை என் பக்கம்தான் பேசுகிறது. புகார் வாங்கும் கணினிக்கும் தெருவுக்கு வரும் லைனில் (ஃபீடர்) கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கணினிக்கும் பேச்சே இல்லை. வேலைச் சீட்டை மூடியதும் எஸ்.எம்.எஸ். போய்விடுகிறது. இணைத்திருந்தால் மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்பியிருக்கும். கடவுச்சொல் பயம் நியாயம்தான். ஒரே தலைமை என்றால் ஒரே சாவி என்று நான் சொல்லவில்லை. முதல் பதிவில் அதை எழுதாதது என் தப்பு.

பழைய ரிலே:
தகவல் கீழிருந்து மேலே போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டளை மேலிருந்து கீழே வரும் வழியில்தான் என் ஆள் நிற்க வேண்டும். அதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

லெனேசியா கடை:
கள்ள டோக்கன் பேச்சு வந்ததால் ஒன்று. அந்த மூன்று எண் சமயத்தில், காசு கட்டாமல் கரண்ட் வர மீட்டரைத் திருத்தி வைத்திருந்தவர்கள் தாமாக வந்து சொன்னால் 6,000 ரேண்டுக்கு மேலான அபராதம் இல்லை என்று எஸ்காம் சலுகை கொடுத்தது. வருடக்கணக்கில் ஒரு டோக்கனும் வாங்காத வீடு எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும்தானே? பத்து வருடம் முன்பே கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. என் தெருவில் எது என்று எனக்கே தெரியும், கடைக்கு அவர்கள் பால் மட்டும் வாங்க வருவார்கள்.

புதிய உறுப்பினர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பா காலமான பிறகு அவர் அலமாரியில் 2024 அக்டோபரில் வாங்கிய 300 ரேண்ட் டோக்கன் சீட்டு கிடைத்தது, போடாமலேயே வைத்திருந்திருக்கிறார். சாவி மாற்றும் அந்த இரண்டு எண்ணையும் மீட்டரில் நாங்கள் அந்த நவம்பரிலேயே போட்டுவிட்டோம். இப்போது போட்டால் ஏறுமா?

லெனேசியா கடை:
ஏறாது, தம்பி. பழைய சாவி டோக்கன் அது, மீட்டர் தள்ளிவிடும். கிழித்துப் போடாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு, வாங்கிய இடத்திலும் உங்களுக்குக் கரண்ட் கொடுக்கிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், மீட்டர் எண்ணை மறக்காமல் எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் காகிதத்தில் மை சீக்கிரம் அழிந்துவிடும், முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.