பூட்டிய ஜிப்பில் வந்த பர்ச்சேஸ் ஆர்டர்: உங்கள் அலுவலகத்தில் என்ன நடந்தது?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
எங்களுடையது பனியன் ஏற்றுமதி அலுவலகம். ஆர்டர் ஷீட், டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவ விவரங்கள்), ஷிப்பிங் பில் என்று நாள் முழுக்க மெயிலில் இணைப்புகள் வந்துகொண்டே இருக்கும். சில மாதங்களுக்கு முன், எங்களிடம் சரக்கு வாங்கும் பழைய பையர் ஒருவரின் முகவரியிலிருந்து, நாங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த மெயிலுக்கே பதிலாக ஒன்று வந்தது. "திருத்திய பி.ஓ., பாஸ்வேர்டு 2211" என்று ஒரே வரி. கூடவே ஒரு ஜிப். ஆன்டிவைரஸ் மூச்சு விடவில்லை.

எனக்கு உறுத்தியது அந்தப் பாஸ்வேர்டுதான். இத்தனை வருடத்தில் அவர்கள் எதையும் பூட்டி அனுப்பியதே இல்லை. பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று மெயில் ஸ்கேனரால் பெரும்பாலும் பார்க்க முடியாது. அதற்காகவே பூட்டிவிட்டு, திறக்கும் எண்ணையும் நம் கையில் கொடுக்கிறார்கள்.

சிஸ்டம் பார்க்கும் தம்பி, நெட்வொர்க்கில் இல்லாத தனிக் கணினியில் அதைப் பிரித்துக் காட்டினார். ஐகானைப் பார்த்தால் அசல் எக்செல். பெயரும் '.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்றுதான் முடிந்தது. விண்டோஸில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற இடத்தில் டிக் போட்டதும், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த '.இஎக்ஸ்இ' தெரிந்தது. அதாவது அது எக்செல் ஷீட்டே இல்லை, திறந்தால் ஓடும் புரோகிராம்.

பையருக்குப் போன் போட்டோம். அவர்கள் மெயிலுக்குள் யாரோ புகுந்திருந்தார்கள். நாங்கள் அதைத் திறந்து எங்கள் மெயில் பாஸ்வேர்டும் போயிருந்தால், அடுத்து எங்கள் பெயரிலேயே மற்ற பையர்களுக்கு "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் போயிருக்கும். அது சனிக்கிழமை தையல்காரர்களுக்குக் கூலியாகப் போக வேண்டிய பணம்.

கோவை சிஸ்டம் அட்மின்:
ஆன்டிவைரஸ் பெரும்பாலும் ஏற்கெனவே பிடிபட்டவற்றின் அடையாளத்தை வைத்துத்தான் தேடுகிறது. நேற்று இரவு செய்த ஃபைலின் அடையாளம் அதனிடம் இருக்காது. 'வைரஸ் இல்லை' என்று வந்தால், 'எனக்குத் தெரிந்த வைரஸ் இல்லை' என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதனால் நாங்கள் ஃபைலின் வகையைப் பார்த்தே நிறுத்துகிறோம். திறந்தால் ஓடும் இஎக்ஸ்இ, விபிஎஸ், ஜேஎஸ், டிஸ்க் நகலான ஐஎஸ்ஓ, ஷார்ட்கட்டான எல்என்கே, பூட்டிய ஜிப் எதுவானாலும் யாருடைய இன்பாக்ஸுக்கும் போகாது, தனியே பிடித்துவைக்கும் குவாரன்டைனில் நிற்கும். அனுப்பியவரிடம் போனில் கேட்ட பிறகே விடுவோம், அதுவும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில். மெயிலில் இருக்கும் எண்ணை நம்பக்கூடாது.

இரட்டை எக்ஸ்டென்ஷன் பழைய வித்தை. 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' புழுவும் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும் காதல் கடிதமாகத்தான் வந்தது. இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் ஃபைல்களுக்குள் ஒளிந்து ஓடும் சிறு புரோகிராம்களான மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல் தடுக்கத் தொடங்கியது. உடனே வைரஸ் அனுப்புகிறவர்கள் ஐஎஸ்ஓ, எல்என்கே பக்கம் போனார்கள், அப்புறம் மைக்ரோசாஃப்டின் குறிப்பேடான ஒன்நோட் ஃபைல். பட்டியலை நாமும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னை, கணக்குப் பிரிவு:
மேக்ரோவே இல்லாத வேர்டு ஃபைலும் ஆபத்துதான். ஆஃபீஸில் கணிதச் சமன்பாடு எழுதும் பழைய ஈக்வேஷன் எடிட்டரில் இருந்த ஓட்டைக்கு 2017 நவம்பரில் திருத்தம் வந்தது. அப்டேட் போடாத கணினியில் ஃபைலைத் திறந்தாலே போதும், உள்ளே வந்துவிடுவார்கள். எங்கள் பழைய கணினிகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

சரி, கோவைக்காரரிடம் ஒரு கேள்வி: வங்கி ஸ்டேட்மென்ட் பூட்டிய பி.டி.எஃப். ஆகத்தானே வருகிறது, அதை என்ன செய்கிறீர்கள்?

கோவை சிஸ்டம் அட்மின்:
அதையும் நிறுத்திப் பார்த்தோம், எங்கள் கணக்குப் பிரிவு சண்டைக்கு வந்துவிட்டது. இப்போது ஸ்டேட்மென்டை மெயிலில் எடுப்பதில்லை. நெட் பேங்கிங்கில் நாங்களே போய் இறக்கிக்கொள்கிறோம்.