மறு: முறுக்குப் பாக்கெட்டுக்கு ஒரு கலைச்சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சுயஉதவிக் குழுக்களுக்கான தின்பண்டத் தயாரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஆறாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். முறுக்கு, மிக்சர் எல்லாம் எண்ணெய் வாடை அடிக்காமல் இருக்க பிஹெச்ஏ, டிபிஹெச்க்யூ போன்ற செயற்கைப் பொருள்களுக்குப் பதிலாக ரோஸ்மேரி, கிரீன் டீ, கறிவேப்பிலைச் சாறுகளைச் சேர்ப்பது பற்றிய பாடம். இவற்றின் பொதுப்பெயரான ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதற்கு 'எதிர் ஆக்ஸிஜனேற்றி' என்று எழுதினேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினால், "ஆஸ்பத்திரி சிலிண்டரா?" என்கிறார். நல்ல சொல் உண்டா?
— செ., மதுரை

அம்மா கேட்டதில் பிழையில்லை. 'எதிர்' அங்கே எதைத் தழுவுகிறது? எதிரே நின்று ஆக்ஸிஜன் ஏற்றுபவர் என்றும் பொருள்படும். ஆக்ஸிஜனை உயிர்வளி ஆக்கி, 'உயிர்வளியேற்றத் தடுப்பி' என்க. தயவுசெய்து 'தடுப்பான்' வேண்டாம், ஆன் ஆண்பால் விகுதி. சுமைதாங்கி, இடிதாங்கி, கொசுவிரட்டி எல்லாம் இகரத்தில்தானே முடிகின்றன?
— ந., தஞ்சாவூர்

ஓணான் உயர்திணையா ஐயா?

அது கிடக்கட்டும். உயிர்வளியேற்றத் தடுப்பி என்றால் நோயாளியின் மூக்குக் குழாயைப் பிடுங்குகிற ஆள் மாதிரி இருக்கிறது. இன்னொன்று, ஆக்ஸிஜன் என்ற பெயரே தவறாகப் பிறந்தது. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நம்பி பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 'அமிலம் ஆக்கி' என்று பொருள்பட வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது கிடையவே கிடையாது. ஜெர்மன்காரர்கள் அந்தத் தவற்றையும் மொழிபெயர்த்து 'புளிப்புப் பொருள்' என்றே இன்றுவரை சொல்கிறார்கள். நாம் மட்டும் ஏன் இவ்வளவு சுத்தம் பார்க்கிறோம்?
— வேதியியல் வாத்தியார், நாகர்கோவில்

எங்கட பாடநூல்களில் ஒட்சிசன், ஒட்சியேற்றம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். 'ஒட்சியேற்ற எதிரி' எண்டு போட்டால் முடிஞ்சுது.
— யாழ்ப்பாணத்திலிருந்து, த.

தம்பி செ., நான் எண்ணெய் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் பொருளைப் பாருங்கள், அப்புறம் சொல்லைப் பார்க்கலாம்.

எண்ணெய் காற்றோடு சேர்ந்து முதலில் பெராக்சைடு உண்டாகும். அதற்கு வாடை இல்லை. அது உடைந்து ஆல்டிஹைடு வரும்போதுதான் மூக்குக்குத் தெரியும், தொண்டை கரகரக்கும். ஒரு மூலக்கூறு கெட்டு அடுத்ததைக் கெடுக்கிற சங்கிலி இது. ரோஸ்மேரியில் இருக்கும் கார்னோசிக் அமிலம் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. (ஐரோப்பாவில் அந்தச் சாற்றுக்கு ஈ 392 என்று உணவுச் சேர்பொருள் எண்ணே உண்டு.) நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட அதிக நாள் தாங்குவதும் அதிலுள்ள சீசமால் வகையறாவால்தான். ஆக, இவை பாக்கெட்டுக்குள் ஆக்ஸிஜன் நுழைவதைத் தடுப்பதே இல்லை.

எங்கள் அம்மா வெண்ணெய் உருக்கும்போது, சடசடப்பு அடங்குகிற நேரம் பார்த்து ஒரு பிடி முருங்கைக்கீரை போடுவார். கீரை மொறுமொறுவென்று அடியில் தங்கும். அந்தச் சட்டியில் சோறு பிசைந்து தின்ன எங்களுக்குள் சண்டை. "எதுக்கும்மா கீரை?" என்றால், "நெய் காறாம இருக்கும்" என்பார். சொல் அங்கேயே இருக்கிறது: எண்ணெயோ நெய்யோ கெட்டு வாடை அடிப்பது காறல், அதைத் தடுப்பது காறல் தடுப்பி.
— அ., திருநெல்வேலி

அம்மையார் சொன்ன காறல் அருமை. (வல்லின றகரம். இடையின ரகரம் போட்டால் காரல், மீனாகிவிடும்.) ஆனால் தடுப்பி எதற்கு? நச்சுமுறி போலக் 'காறல்முறி' என்போம். சங்க இலக்கியத்தில் முறி என்றால் தளிர். குறுந்தொகைத் தலைவியின் மேனிக்கே முறிதான் ஒப்பு. காறலை முறிப்பது, காறலுக்கான தளிர் என இரண்டும் ஒரே சொல்லில்! கறிவேப்பிலைக்கு இதைவிட என்ன வேண்டும்?
— ந.

ஐயா, கேட்க இனிமைதான். ஆனால் முறி என்றால் வந்ததை முறிப்பது. காறிப்போன எண்ணெயில் எந்தச் சாற்றை ஊற்றினாலும் அது மீளாது. காறல்முறி என்று அச்சடித்தால் பழைய எண்ணெயில் கறிவேப்பிலையைப் போட்டு மறுபடி முறுக்கு சுடுவார்கள்.
— அ.

காறல் எண்ணெய்க்குச் சரி. மாத்திரை டப்பாவிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று போடுகிறானே, அங்கே என்ன காறுகிறது?
— வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் 'ஆக்ஸிஜனேற்றத் தடுப்பி', பாடத்துக்குள் 'காறல் தடுப்பி' என்று வைத்துவிட்டேன். எக்ஸ்ட்ராக்டுக்கு எழுதிய 'சாறு' என்பதைப் பிழிந்த சாறு என்று நினைத்துவிடுவார்களோ என்று இன்னொரு கவலை, அதற்குத் தனி மடல் போடுகிறேன்.
— செ.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைப்பது கலைச்சொல்லாக்கம் ஆகாது. என் மறுப்பைப் பதிகிறேன்.
— ந.

இப்போதுதான் மடல்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் காறல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சிக்கு வாடை என்போம். கையேடு எந்த மாவட்டத்துக்கு?
— ஈரோட்டிலிருந்து, ம.