ஹூ (who) வா ஹூம் (whom) வா, மாக் டெஸ்ட்ல (மாதிரித் தேர்வுல) ஒரே எடத்துல மாட்டிக்கிறேன்

வணக்கம்ங்க, நான் பாலக்கோடு, தமிழ் மீடியம், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் பரீட்சைக்கு 5 மாசமா தருமபுரி லைப்ரரில உக்காந்து படிக்கிறேன். டியர் 1ல, அதாவது மொதல் கட்டத் தேர்வுல, இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க், தப்பாப் போட்டா அரை மார்க் போயிடும், அதனால ரிலேட்டிவ் கிளாஸ் (relative clause, ஹூ, விச் மாதிரி வார்த்தை போட்டு ஒரு பெயரை விளக்குற துண்டு) கேள்விய விட்டுட்டுப் போகவும் மனசு வரல.

ஹூஸ், விச், தட் எல்லாம் சரியா வருது. 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ'க்கு அப்புறம் ஹேவ், 'தி ஒன்லி ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ'ன்னா ஹேஸ், இதுவும் புரிஞ்சிடுச்சு. ஹூ, ஹூம்ல மட்டும்தான் பிரச்சனை.

மொதல்ல தமிழ்ல மாத்திப் பாத்தேன், உதவல, ஏன்னா நம்ம மொழில 'நான் பாத்த ஆளு', 'என்னைப் பாத்த ஆளு'ன்னு வினையே பெயருக்கு முன்னாடி வந்துடுது, ஹூ ஹூம்க்குன்னு தனி வார்த்தையே இல்ல. அப்புறம் ஹி போட்டா ஹூ, ஹிம் போட்டா ஹூம்னு பழகினேன், சின்ன வாக்கியத்துல ஓகே. கூடப் படிக்கிற அக்கா நடுவுல வர்ற 'ஐ திங்க்'கை அடிச்சிட்டுப் படின்னாங்க. 'தி மேன் ஹூ ஐ திங்க் இஸ் ஹானஸ்ட்'ல சரியா ஹூ வந்துச்சு. அதே மாதிரி 'தி மேன் ஹூம் ஐ கன்சிடர் ஹானஸ்ட்'ல 'ஐ கன்சிடர்'ஐ அடிச்சேன், வாக்கியமே நிக்கல, விடை ஹூம். கடைசி 3 மாக்லயும் இங்கதான் மார்க் போச்சு.

நடுவுல வர்ற அந்தத் துண்டை எப்ப அடிக்கலாம், எப்ப அடிக்கக் கூடாதுன்னு பரீட்சை ஹால்ல சட்டுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?